லாரியேறிய கோட்டைக் கற்கள்

இருசம்மாளை நான் முதன்முதலில் பார்த்தபோது அவள் ஒரு கூர்க்கா சிப்பாயைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

1950-ஆம் வருஷம். மலாக்கா டவுனில், செயின்ட் பால் குன்றின் மேல் கூரையில்லாமல் நிற்கும் பழைய மாதா கோயிலுக்குள் நடந்தது அது. அங்கே சுவரோரமாக டச்சுக்காரர்களின் கல்லறைப் பலகைகளை வரிசையாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். லீவில் வந்த அந்தச் சிப்பாய் ஒரு பலகையின் விளிம்பில் தன் கத்தியைத் தீட்டப் பார்த்திருக்கிறான். கையில் புல் வெட்டும் கத்தியோடு இவள் போய் அவன் முன்னால் நின்றாள்.

"ஏன்யா, உங்கப்பன் தலைமாட்டுல வச்ச கல்லுல இப்படித் தீட்டுவியா? செத்தவன் வெள்ளைக்காரனா இருந்தா என்ன, அவனும் ஒருத்தி பெத்த புள்ளதானேலா!"

அவனுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் எல்லாம் புரிந்துவிட்டது. கத்தியை உறையில் போட்டு, நேராக நின்று, அவளுக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு இறங்கிப் போனான். இருசம்மாள் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி புல் வெட்ட உட்கார்ந்தாள்.

நான் அந்தக் குன்றைப் பராமரிக்கும் இலாகாவில் தட்டச்சு வேலைக்கு அப்போதுதான் சேர்ந்திருந்தேன். இலாகாவின் பெயர் வேண்டாம். அதில் இருந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் இதே ஊரில் இருக்கிறார்கள். எனக்கு இருபத்தொரு வயது. இருசம்மாளுக்கு முப்பத்து நாலோ ஐந்தோ இருக்கும். மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு குன்றுக்குப் போகிற பழக்கம் எனக்கு. அதனால் நாங்கள் சிநேகமானோம். அவள் என்னைத் தங்கச்சி என்பாள். நான் அவளை இருசக்கா என்பேன்.

அவள் தோட்டத்துப் பெண். மெர்லிமாவ் போகும் வழியில் உள்ளே தள்ளி இருந்த மூங்கிக்காட்டு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி, அங்கேயே மணியத்தைக் கட்டிக்கொண்டவள். மணியம் ஏழாம் வகுப்பு வரை படித்தவர். தோட்டத்துச் சங்கத்துக்குச் செயலாளர். வாசல் கூட்டுகிறவளுக்குப் பிரசவ லீவு கேட்டு, கூலிகளின் வரிசை வீடுகளான லயத்துக்குத் தண்ணீர்க்குழாய் கேட்டு என்று துரைக்கு மனு எழுதுவதே அவர் வேலை. நாற்பத்தெட்டாம் வருஷம் துப்பாக்கியோடு காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசாங்கம் அவசரகாலம் அறிவித்ததும், சங்கத்து ஆள் என்ற சந்தேகத்தில் முதல் மாதத்திலேயே ஒரு ஜீப் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. விசாரணை ஒன்றும் கிடையாது. தடுப்பு முகாம். அடுத்த வாரம் லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள்.

"ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கோழி. அவ்வளவுதான் எடுத்துக்கிட்டு வந்தேன்," என்று சொல்வாள். "கோழிய பஸ்காரன் ஏத்த மாட்டேன்னுட்டான். அவனுக்கே குடுத்துட்டேன்."

டவுனுக்குள் தெங்கேராவில் ஒரு கடைவீட்டின் பின்கட்டில் இடம் கிடைத்தது. குன்றில் புல் வெட்டும் வேலையும் கிடைத்தது. பிள்ளை குட்டி இல்லை. மாதத்துக்கு ஒரு கடிதம் முகாமிலிருந்து வரும். பாதி வரிகளைத் தணிக்கைக்காரன் கறுப்பு மையால் அடித்திருப்பான். அதை என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொல்வாள். "இருசுக்கு... நலம்... நீ..." என்று நான் படித்துக்கொண்டே போக, கறுப்பு அடித்த இடம் வரும்போதெல்லாம் அவள் தலையாட்டுவாள், அங்கே என்ன இருந்தது என்று தனக்குத் தெரியும் என்பதுபோல.

குன்றின் சரித்திரத்தை அவளுக்குச் சொன்னவர் எங்கள் அலுவலகத்துத் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி நவரட்ணம். யாழ்ப்பாணத்துக்காரர். சர்க்கரை வியாதிக்காக டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். நவரட்ணம் தினமும் ஐந்து மணிக்குக் குடையோடு குன்றேறுவார். சரித்திரப் புத்தகங்கள் என்றால் அவருக்கு உயிர். கேட்கத்தான் ஆள் இல்லை. அலுவலகத்தில் அவர் வாயைத் திறந்தாலே எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும். இருசம்மாள் மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

சுல்தானின் அரண்மனை இந்தக் குன்றில்தான் இருந்ததாகச் சொல்கிறார்கள் என்றார் அவர். முழுக்க மரம். போர்த்துக்கீசர் வந்து பிடித்த பிறகு அதில் ஒரு துண்டும் மிஞ்சவில்லை. பள்ளிவாசலையும் அரச கல்லறைகளையும் பிரித்த கல்லைக் கொண்டுதான் அவர்கள் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். பிறகு டச்சுக்காரன். அவனுக்குப் பிறகு வந்த இங்கிலீஷ்காரன், வேறு யாரும் பிடித்து உட்கார்ந்துவிடக் கூடாதென்று வெடிமருந்து வைத்துக் கோட்டையைத் தகர்த்தான். கீழே நிற்கிற ஒற்றை வாசல்தான் மிச்சம்.

இருசம்மாள் கீழே அந்த வாசலை எட்டிப் பார்த்தாள்.

"அப்ப ஒவ்வொருத்தனும் முந்தினவன் வீட்டைப் பிரிச்சுத்தான் தன் வீட்டைக் கட்டியிருக்கான். நல்ல பொழப்புதான் போங்க, ஐயா."

நவரட்ணம் அன்று என்னிடம் வந்து, "நான் நாலு புத்தகம் வாசிச்சு விளங்கினதை அவள் ஒரு வசனத்திலை சொல்லிப்போட்டாள், பிள்ளை," என்றார்.

அதற்குப் பிறகு, மாசி மகத்துக்குத் தோட்டங்களிலிருந்து வருகிற குடும்பங்கள் அப்படியே குன்றையும் பார்க்க ஏறினால், அவர்களுக்கு இருசம்மாள்தான் சரித்திரம் சொல்வாள். ஐந்நூறு வருஷத்தைக் கால் மணி நேரத்தில் முடிப்பாள். ராஜாவை ஏதோ பக்கத்துத் தோட்டத்தில் இருந்த பெரிய மனுஷர் போலச் சொல்வாள். வருஷங்கள் மட்டும் அவளிடம் நிற்காது. "உங்க பாட்டனுக்குப் பாட்டன் பொறக்கறதுக்கு முந்தி" என்று சமாளிப்பாள்.

சரிவில் கோட்டைச் சுவரிலிருந்து சரிந்த கற்கள் கிடந்தன. எல்லாம் செம்புரைக்கல். வெட்டும்போது மெதுவாக இருந்து, காற்றுப் பட்டால் இரும்பாக இறுகும் சிவந்த கல். அவற்றைச் சுற்றிப் புல் வெட்டி வெட்டி, ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு பெயர் வைத்திருந்தாள். முதுகு வளைந்தது ஆமை. நடுவில் குழிந்தது அம்மி. உடம்பெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருந்தது ஆப்பம். ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தவை இரட்டைப் பிள்ளைகள். கூர்முனை நீட்டிக்கொண்டு, போகிற வருகிற போதெல்லாம் அவள் கணுக்காலைக் கீறியது மாமியார்.

ஐம்பத்திரண்டாம் வருஷத் தொடக்கத்தில் மணியத்தை விட்டார்கள். இந்தியாவுக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் முன்பே விட்டிருப்பார்கள். அவர் கேட்டு எழுதியபோது இருசம்மாள் என்னை வைத்து ஒரே வரியில் பதில் போட்டாள்: "நான் பொறந்த ஊரு இதுதான், வர்ற வரைக்கும் காத்திருக்கேன்." அந்த வரியைத் தணிக்கைக்காரன் அடிக்காமல் விட்டிருந்தான்.

வந்தவர் பேசவே மறந்திருந்தார். சோறு போட்டால் சாப்பிட்டார். யாராவது வாசலில் வண்டியை நிறுத்தினால் எழுந்து உள்ளே போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அவரைக் குன்றுக்குக் கூட்டிவந்தாள். நானும் என் அம்மாவோடு போயிருந்தேன். அவள் கற்களை ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தாள். மாமியாரிடம் வந்ததும் அவர் நின்றார்.

"எங்கம்மாவா?" என்றார்.

"வேற யாரு? காலைப் பாருங்க, எத்தன கீறலு."

அவர் சிரித்துவிட்டார். மூன்றரை வருஷத்தில் அவர் சிரித்துக் கேட்பது அதுதான் முதல் தடவை என்று அவள் பிறகு சொன்னாள். சிரிப்பு நிற்காமல் அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வருஷம் ஆகஸ்டில்தான் லாரி வந்தது.

இருசம்மாள் காய்ச்சலில் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் காலை சரிவில் ஏறியவள் பாதியிலேயே நின்றாள். புல்லில் சதுரம் சதுரமாக வெளிறிய பள்ளங்கள். பதினேழு கற்களைக் காணோம். ஆமை இல்லை. ஆப்பம் இல்லை. இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று இல்லை.

தோட்டங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, வாசலில் காவல்மேடை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. துப்பாக்கிச் சூடு தாங்குகிற அடித்தளத்துக்குக் கல் அவசரமாக வேண்டும் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். சும்மா கிடக்கிறதை எடுங்கள் என்று எங்கள் இலாகாவின் மேஸ்திரி காட்டிக் கொடுத்திருக்கிறார். மீதியை எடுக்க வெள்ளிக்கிழமை லாரி மறுபடி வருவதாக ஏற்பாடு. இருசம்மாள் நேரே அவரிடம் போனாள்.

"மேஸ்திரி, அது கோட்டைக் கல்லு. ராஜா காலத்துக் கல்லு அதுல எத்தன இருக்கோ!"

"அங்க எஸ்டேட்டுல மனுசன் சுடுபட்டுச் சாவுறான். இங்க நீ கல்லுக்கு அழுவுறியா?"

அந்த லயங்களில் அவளுடைய தங்கச்சி மாரியம்மா இருந்தாள், அவள் பிள்ளைகள் இருந்தார்கள். அதனால் மெதுவாகத்தான் சொன்னாள்.

"கல்லு வேணாங்கலையே, மேஸ்திரி. குவாரியில மலை மலையா கெடக்குலா. எடுக்க லேசா இருக்குன்னு இதை எடுக்கறீங்க."

"வாயை மூடிக்கிட்டு புல்லை வெட்டு. உன் புருசன் எங்கேருந்து வந்தவன்னு எனக்குத் தெரியும்."

அவள் அலுவலகத்துக்கு வந்தபோது முகம் வெளுத்திருந்தது. நவரட்ணத்தின் மேசைக்கு முன்னால் நின்று நடந்ததைச் சொன்னாள். அவர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"ஒரு மனு எழுதிக் குடுங்க, ஐயா. பெரிய துரைக்கு."

"மனு எண்டால்... இது அவசரகாலம், இருசம்மாள். காவல் வேலைக்குக் குறுக்கை நிண்டது எண்டு சொல்லிப் போடுவினம். எனக்குப் பென்சனுக்கு இன்னும் மூண்டு வருசம் கிடக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "உன்ரை மனுசன் நல்லா எழுதக்கூடியவர்தானே?" என்று கேட்டார்.

"அவரு எழுதுனா இந்தத் தடவை திரும்பி வரமாட்டாரு, ஐயா."

அவள் போய்விட்டாள். நவரட்ணம் அன்று ஐந்து மணிக்குக் குடையை எடுத்தவர் குன்றுக்குப் போகாமல் நாற்காலியிலேயே இருந்தார்.

மறுநாள் வியாழக்கிழமை. அவர் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, மெசினுக்குத் தாள் போடு. அவளையும் கூட்டிக்கொண்டு வா," என்றார். சவரம்கூடச் செய்யாமல் வந்திருந்தார். அவரோடு நான் வேலை பார்த்த ஐந்து வருஷத்தில் அவரை அப்படிப் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

மனுவில் கோபம் எதுவும் வேண்டாம், கணக்கு மட்டும் இருக்கட்டும் என்றார் அவர். குன்றின் சரிவில் கிடக்கும் கோட்டைக் கற்களின் பட்டியல். எந்தக் கல், எங்கே, எப்படிப்பட்டது. இருசம்மாள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். வாசலிலிருந்து மேலே, இடப்பக்கமாக, பிறகு மாமரத்துக்குப் பின்னால் என்று மனசிலேயே நடந்தாள். நவரட்ணம் அதை ஆங்கிலமாக்கினார். நான் அவள் சொன்ன வரிசையிலேயே எண் போட்டுத் தட்டினேன். நூற்று முப்பத்தொன்பது கற்கள். அதில் பதினேழுக்கு நேரே 'எடுத்துச் செல்லப்பட்டது' என்று போட்டோம். பெயர்களையும் விடக்கூடாது என்று அவள் பிடிவாதம் பிடித்ததால், மாமியாருக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்லோ அதை அரசாங்கத் தாளில் நான் தட்ட வேண்டியதாயிற்று. தட்டும்போது நவரட்ணம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

கடைசியில் கையெழுத்து. இருசம்மாள் கைநாட்டு வைக்கப் பெருவிரலை நீட்டினாள்.

"வேண்டாம். என்ரை அலுவலகத்திலையிருந்து போற கடிதம். நான்தான் வைக்கவேணும்," என்று சொல்லித் தன் முழுப் பெயரையும் எழுதினார். எழுத்து முத்து முத்தாக விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலை லாரி வந்தது. அதற்குப் பின்னாலேயே எங்கள் இலாகாவின் பெரிய துரையான எஞ்சினியரும் வந்தார். உயரமான ஸ்காட்லாந்துக்காரர். அதிகம் பேசாதவர். பட்டியல் கையில் இருந்தது. நவரட்ணமும் நானும் பின்னால் ஏறினோம். மேஸ்திரியும் இருசம்மாளும் ஏற்கெனவே அங்கே நின்றார்கள். துரை பட்டியலைப் புரட்டி, நடுவில் ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"எண்பத்து நாலு?"

நான் தமிழில் சொன்னேன். இருசம்மாள் இறங்கிப் போய் ஒரு கல்லின்மேல் கை வைத்தாள். பட்டியலில் எழுதியிருந்தபடியே அதில் ஒரு மூலை உடைந்து, ஆணி அடித்ததுபோல இரண்டு துளைகள் இருந்தன. துரை இன்னும் ஐந்தாறு எண்களைக் கேட்டார். அவள் ஒன்றிலும் தடுமாறவில்லை. கடைசியாக அவர் பட்டியலைக் கண்ணருகே கொண்டுபோய், மாமியார் எது என்று கேட்டார். அவள் காட்டினாள். அதைப் பார்க்கப் பக்கத்தில் போனவரின் காலுறையை அது கீறிவிட்டது. அவர் குனிந்து கணுக்காலைத் தடவிக்கொண்டே என்னிடம், பெயர் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல் என்றார்.

லாரியைத் திருப்பி அனுப்பினார்கள். குன்றிலிருந்து ஒரு கல்லும் போகக் கூடாதென்று உத்தரவு வந்தது. அதைத் தட்டியதும் நான்தான். நவரட்ணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் அன்றிலிருந்து ஒரு மாதம் வரை, வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார்.

போன பதினேழு எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லவில்லை.

அது தெரிந்தது அடுத்த வருஷம் தையில். மாரியம்மாவின் மகளுக்குச் சடங்கு என்று இருசம்மாள் மூங்கிக்காட்டுத் தோட்டத்துக்குப் போனாள். ஐந்து வருஷத்தில் முதல் தடவை. மணியம் வரவில்லை. அவர் அந்தப் பக்கம் போகக் கூடாதென்று விடும்போதே உத்தரவு. வாசலில் முள்வேலி, தடுப்புக்கட்டை, பக்கத்தில் காவல்மேடை. அடையாளக் கார்டைக் காட்டிவிட்டு, பையைச் சோதனைக்கு நீட்டியவள், மேடையின் அடியைப் பார்த்தாள். சிமெண்டுக்கு நடுவில் ஆமை முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் ஆப்பம்.

காவலுக்கு நின்றவர் ஓர் இளம் மலாய்க் கான்ஸ்டபிள். அவள் அங்கேயே குந்தி உட்கார்ந்து கல்லைத் தடவுவதைப் பார்த்துப் பயந்துபோனார்.

"என்ன செய்றே, காக்கா?" என்று மலாயில் கேட்டார். மூத்த பெண்ணை அவர்கள் மொழியில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அவளுக்குத் தெரிந்த சந்தை மலாயில் அவள் சொன்னாள். இது கோட்டைக் கல். அதற்கு முன்னால் உங்கள் சுல்தான் வீட்டுப் பக்கத்தில் எதிலோ இருந்திருக்கலாம். அவர் முதலில் சிரித்தார். பிறகு துப்பாக்கியைத் தோளில் மாற்றிக்கொண்டு, சாய்ந்திருந்த இடத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார். அவள் சடங்கு முடிந்து மாலையில் திரும்பும்போது, ஆமையின்மேல் வழிந்திருந்த வெற்றிலைக் கறையை யாரோ தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தார்கள்.

மறுநாள் என்னிடம் இதையெல்லாம் சொன்னாள். துரையிடம் சொல்லித் திருப்பிக் கேட்கலாமே என்றேன்.

"வேணாம், தங்கச்சி. மாரியம்மா பிள்ளைங்க அதுக்குப் பின்னாலதான் தூங்குதுங்க. இப்ப அது காவல் காக்குது. காக்கட்டும். வேலை முடிஞ்சதும் கேப்போம்."

அந்தச் செப்டம்பரில் மலாக்காவின் ஒரு பகுதியில் கட்டுப்பாடுகளை எடுத்தார்கள். வெள்ளைப் பகுதி என்று அதற்குப் பெயர். ஊரடங்கு போனது, காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போகிறதோ என்று சோற்றுப் பொட்டலத்தைக் கிளறுவது போனது. கொஞ்சம் கொஞ்சமாக மற்ற இடங்களிலும் தளர்ந்தது. ஐம்பத்தைந்தின் நடுவில் மூங்கிக்காட்டு வாசலிலும் வேலியைப் பிரிப்பதாக மாரியம்மா சொல்லி அனுப்பினாள். நவரட்ணம் பென்சன் வாங்கிப் போவதற்கு முந்தின மாதம் அது. அவர் அலுவலகத்தில் கடைசியாக எழுதிய கடிதங்களில் ஒன்று, அந்தப் பதினேழு கற்களையும் திருப்பிக் கேட்டு எழுதியது. இந்தத் தடவை பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருக்கவில்லை.

லாரியோடு இருசம்மாள் போனாள். தடை அதற்குள் நீங்கியிருந்ததால், கல் தூக்க ஆள் வேண்டும் என்று மணியத்தையும் கூலிக்குச் சேர்த்துக்கொண்டார்கள். எந்த வாசலில் ஜீப் ஏற்றினார்களோ அதே வாசலில், ஏழு வருஷம் கழித்து, அவர் கடப்பாரையோடு இறங்கினார். லயத்திலிருந்து சனம் வந்து சுற்றி நின்றது. யாரோ ஒரு கிழவர், "மணியண்ணே, கொழாத் தண்ணி வந்துருச்சு, தெரியுமா?" என்றார். மணியம் அந்தக் குழாயடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்துதான் கடப்பாரையைப் பிடித்தார்.

பதினொரு கற்கள் முழுசாக வந்தன. ஆறு சிமெண்டோடு பிளந்துவிட்டன. ஆப்பம் அந்த ஆறில் ஒன்று. இருசம்மாள் அதன் துண்டுகளையும் விடாமல் சாக்கில் கட்டி ஏற்றினாள்.

திரும்பும் வழியில் சோதனைச் சாவடி இருந்த இடங்களில் ஆள் இல்லை. பழக்கத்தில் டிரைவர் இரண்டு இடத்தில் வண்டியை மெதுவாக்கிப் பார்த்தாராம். கை காட்ட யாரும் வரவில்லை. மெர்லிமாவ் கடைத்தெருவில் நிறுத்தி தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட செண்டோல் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள். மணியம் தன்னுடையதைப் பாதி குடித்துவிட்டு, லாரியின் பின்புறம் கற்களின்மேல் ஏறி உட்கார்ந்து, கேபின் ஜன்னல் வழியாக டிரைவரிடம் பேச ஆரம்பித்தார். முகாமைப் பற்றி, அங்கே சமைத்த கஞ்சியைப் பற்றி, கூட இருந்த சீனக் கிழவர் ஒருவர் சதுரங்கம் கற்றுக்கொடுத்ததைப் பற்றி.

"டவுன் வர்ற வரைக்கும் வாய் மூடல, தங்கச்சி," என்று இருசம்மாள் மறுநாள் என்னிடம் அலுத்துக்கொண்டாள். "எனக்குத் தலையே வலிச்சுப் போச்சு. நேத்து ராத்திரி சோத்துலயும் அதே பேச்சு. இன்னிக்கு விடிஞ்சதும் மறுபடி ஆரம்பிச்சுட்டாருலா!"

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.